புகையிலை மணக்கும் புது மொடல்

மருதடிப் பிள்ளையாருக்கு முன்னால் ஈர வேட்டியோடு நின்று சொல்லச் சொன்னாலும் இதையேதான் சொல்வேன்: கீழே இருப்பதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

என் தங்கையின் மகள் பிரசாந்தி, கனடாவில் வீடு கட்டிக் கொடுக்கும் கொம்பனி ஒன்றுக்குச் சண்டிலிப்பாயில் இருந்தபடியே வேலை செய்கிறாள். இன்னும் கட்டாத வீட்டுக்குள் ஆட்கள் நடந்து பார்க்கிற மாதிரிப் படம் செய்து அனுப்ப வேண்டும். அவளுடைய கொம்பியூட்டரில் இருந்த கிராபிக்ஸ் கார்ட் எரிந்துபோனது. வெள்ளிக்கிழமைக்குள் படம் வராவிட்டால் வேலை வேறொருவருக்குப் போகும் என்று கனடாக்காரர் மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

கொழும்பிலும் கார்ட் இல்லை. உலகத்துக் கார்ட்டையெல்லாம் செயற்கை அறிவுக்காரர் அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். அப்படியிருக்க யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஜெயசுதன் என்பவனின் கடையில் மட்டும் இந்த வருட மொடல் ஒன்று இருந்தது. எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. சுன்னாகம் சந்தையில் வெங்காயமே இல்லாத நாளில் ஒருவனிடம் மட்டும் வெங்காயம் இருந்தால், அது எந்தக் காலத்து வெங்காயம் என்றுதானே முதலில் கேட்க வேண்டும்?

பிரசாந்தி வாங்கி வந்து கொம்பியூட்டரில் பூட்டினாள். படம் நகரவில்லை. கார்ட்டின் காற்றாடி மட்டும் சுழன்றது. நான் கிட்டப் போனேன்.

“பிள்ளை, இதிலை புகையிலை மணக்குது.”

“மாமா, சீல் வைச்ச பெட்டி. நான்தான் உடைச்சனான்.”

“பெட்டி புதுசுதான். உள்ளுக்கை கிடந்தது?”

ஆயுள் முழுக்கப் புகையிலை வாங்கி விற்றவன் நான். மணத்தை வைத்தே தோட்டத்தைச் சொல்வேன். காற்றாடியில் மூக்கை வைத்தேன். செம்மண் தறை, கிணற்றுக்குக் கிழக்குப் பக்கம், கந்தப்புவின் தோட்டம். இதற்கிடையில், புகையிலை போடுவதை விட்டு எவ்வளவோ வருடமாகிவிட்ட எதிர்வீட்டுக்காரர், ஏன் வந்தோம் என்று தெரியாமலே வந்து கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்துவிட்டார்.

நேரே கந்தப்புவின் தோட்டத்துக்குப் போனேன். புகையிலை பதப்படுத்தும் குடிலின் கதவை அவன் உடனே திறக்கவில்லை.

“அண்ணை, ஆர் உங்களுக்குச் சொன்னது?”

“உன்ரை புகையிலைதான்.”

திறந்தான். சுவர் முழுக்க ஆணி. சுவிஸ் மருமகன் இன்ரநெற்றில் பிட்கொயின் காசு விளைவிக்கவென்று வரிசையாகக் கார்ட்டுகளைப் பூட்டியிருந்தானாம். காசு விளையவில்லை, சூடுதான் விளைந்தது. அதை வீணாக்குவானேன் என்று கந்தப்பு மேலே புகையிலையைத் தொங்கவிட்டிருக்கிறான்.

“தேங்காய்ப் பொச்சுமட்டைப் புகையை விடத் திறமாய்ப் பதப்பட்டுது அண்ணை. அதைச் சப்பின ஆக்கள் பஞ்சாங்கம் பாராமல் கிரகணம் சொன்னவை.”

“கார்ட்டுகள் எங்கை?”

“அதுகள் பழசாப் போச்சு. திருநெல்வேலிக் கடைக்காரப் பெடியன் சாக்கிலை கட்டிக்கொண்டு போட்டான்.”

பிரசாந்தியோடு கடைக்குப் போனேன். ஜெயசுதன் அசரவில்லை.

“ஐயா, இது இந்த வருச மொடல். ஸ்டிக்கரைப் பாருங்கோ.”

“ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் காசு குடுத்து வேண்டினனான்,” என்றாள் பிரசாந்தி. “இப்ப பூட்டிக் காட்டுங்கோ.”

பூட்டினான். காற்றாடி சுழன்றது. கடையில் நின்ற கம்பஸ் பெடியன்கள் தலை சுற்றுகிறது என்று வாசற்படியில் இருந்துவிட்டார்கள். முகட்டிலிருந்து ஒரு பல்லி விழுந்து, எழும்ப மனமில்லாமல் கிடந்தது. ஜெயசுதனுக்குத் தும்மல் பிடித்தது. ஒரு தும்மலில் கார்ட்டைக் கழுவியதை ஒப்புக்கொண்டான். அடுத்ததில் ஸ்டிக்கர் ஒட்டியதை.

“பெரிய கொம்பனியளும் பழசுக்குப் புதுப் பேர் வைச்சுத்தானே ஐயா விக்கினம். நான் செய்தால் மட்டும் குற்றமோ?”

“அவையின்ரை பழசு மணக்காது, தம்பி.”

கடைசியில் தன் சொந்தக் கொம்பியூட்டரைத் திறந்து, அதிலிருந்த கார்ட்டைக் கழற்றித் தந்தான். அதையும் மணந்து பார்த்தே வாங்கினேன். சுத்தம். வெள்ளி பின்னேரம் படம் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தது. பிள்ளையின் வேலை தப்பியது. இப்போது கார்ட் வாங்குகிறவர்கள் முதலில் என் மூக்கிடம்தான் கொண்டுவருகிறார்கள்.

கொரோனா வந்துபோன நாளிலிருந்து எனக்கு எந்த மணமும் தெரிவதில்லை.