அசையாத புகை

அப்பா, அக்கா, மாமா, காற்று அளக்க வந்தவர், நான்... ஐந்து பேர், முடியும்வரை ஐந்து பேரும் உள்ளேயே இருக்க வேண்டும், ஒரு ஜன்னலைக்கூடத் திறக்கக் கூடாது என்று அளக்க வந்தவர் சொல்லிவிட்டார். வாசல் கதவைத் திறந்து, அந்த இடைவெளி முழுக்கச் சிவப்புத் துணியை இழுத்துக் கட்டி, நடுவே பெரிய மின்விசிறியைப் பொருத்திக்கொண்டிருந்தார், அது வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும், இழுக்க இழுக்க எந்தச் சந்து வழியாக வெளிக்காற்று உள்ளே நுழைகிறதோ அந்தச் சந்தெல்லாம் மாட்டிக்கொள்ளும். "நாங்க மூச்சு விடுறதையும் கணக்குல சேர்ப்பீங்களா?" என்று மாமா கேட்டார். "நீங்க குறட்டை விட்டாத்தான் சார் மெஷின் குழம்பும்." அக்கா சிரிக்கவில்லை. பந்தயம் கட்டியவள் எப்படிச் சிரிப்பாள்? போன குளிரில் அப்பா நெஞ்சுச் சளியோடு பதினோரு நாள் மருத்துவமனையில் கிடந்தார், அதற்குப் பிறகு அவள் சொன்னது ஒன்றுதான்: ஒரு மணி நேரத்தில் இந்த வீட்டுக் காற்று எத்தனை தடவை மாறுகிறது, அது நாலுக்குக் கீழே வந்தால் அப்பா என்னோடு, வராவிட்டால் அவளோடு. முதல் தடவை அளந்த அன்றைக்குப் பதிமூன்று. சல்லடையில குடியிருக்கீங்க என்று இதே ஆள்தான் அன்றும் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் நான் இரவு வேலையை விட்டேன்... விட்டேன் என்று சொல்கிறேன், துரத்தினார்கள் என்றும் சொல்லலாம், பாதி வேலையில் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான். குளிர்பதனக் கிடங்கு, ஒன்பது வருடம், குளிர் ஒரு நூல்கூட வெளியே போகாமல் காவல் காப்பது என் வேலை, ஒரு சாண் தடிமனில் கதவுகள், விளிம்பெல்லாம் ரப்பர், எல்லாம் தெரிந்தவன் காலையில் வீட்டுக்கு வந்து போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினேன். இந்த வீட்டில் குளிர் எந்த வழியாக வருகிறது என்று ஒரு நாளாவது யோசித்தேனா? நான்கு மாதமாக யோசித்தேன். கூரைக்கு அடியில் தவழ்ந்து பஞ்சுப் பாளங்களைப் பரப்பினேன், ஜன்னல் சட்டங்களைச் சுற்றி நுரை அடித்தேன், தரைப் பலகை சுவரைத் தொடும் இடமெல்லாம் டேப், கதவுகளுக்கு ரப்பர் பட்டை, கண் எரிய, முட்டி தேய. அப்பாவின் அறைக்குக் கடைசியில்தான் போனேன், வெயிலே படாத சுவர், ஓரமெல்லாம் கை வைத்துப் பார்த்தேன், ஒரு துளிக் காற்று இல்லை. சந்தோஷப்பட்டேன். வீட்டிலேயே மோசமான சுவரில் காற்று ஏன் வரவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை, அலமாரியை நகர்த்தவும் தோன்றவில்லை... சோம்பேறித்தனம், வேறு பெயர் வைக்க வேண்டாம்.

மின்விசிறி உறுமியது. "மூணு புள்ளி எட்டு" என்றார் அளப்பவர். மாமா என் முதுகில் தட்டினார், பாஸாயிட்டடா மாப்ள, என்றார். அக்கா அந்தச் சின்னத் திரையைக் குனிந்து பார்த்தாள், அவள் முகத்தில் ஏமாற்றமா நிம்மதியா... எனக்கு அவளைப் படிக்கத் தெரியாது. அப்பா நாற்காலியில் இருமிக்கொண்டிருந்தார். அளப்பவர் மட்டும் நிற்கவில்லை, புகை வரும் குச்சியைக் கொளுத்திக்கொண்டு அறை அறையாகப் போனார், சமையலறையில் புகை கொஞ்சம் சாய்ந்தது, என் அறையில் நெளிந்தது, அப்பாவின் அறையில் கோடு போட்டதுபோல் நேராக நின்றது. முதல் தடவை வீடு முழுக்கப் புகை ஓடியது, ஓடாத இடத்தை யார் தேடினார்கள்? "பழைய வீடு சார், காத்து வந்துபோக இந்த ரூம்ல ஒரு துவாரம் வெச்சிருப்பாங்களே, எங்க?" அவரும் நானும் அலமாரியை இழுத்தோம். சுவர் கறுப்பாக இருந்தது. இடுப்பு உயரம் வரைக்கும் பூஞ்சணம், தொட்டால் விரலில் ஒட்டுகிறது, நடுவே அந்தத் துவாரம், செய்தித்தாளும் மாவுப் பசையுமாக வழித்துப் பூசி... அவர் நெம்பினார், உள்ளேயிருந்து காலுறைகள் வந்தன, சாம்பல் நிறக் கம்பளிக் காலுறைகள், கிடங்கில் கொடுத்தவை, ஏழு ஜோடி, காணோம் காணோம் என்று நான் தேடியவை, எலி இழுத்துட்டுப் போயிருக்கும் என்று அப்பா சொன்னவை.

"காத்து வந்துச்சு, அடைச்சேன்" என்றார் அப்பா, அறை வாசலில் நின்று.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா?"

"நீ தூங்கிட்டிருந்த."

குத்திக் காட்டவில்லை, மணி என்ன என்று கேட்டவனுக்கு மணி சொல்வதுபோல் சொன்னார். அளப்பவர் தாழ்ந்த குரலில் அக்காவிடம் விளக்கினார், குளிர் இல்லம்மா, ஈரம், நம்ம மூச்சுல இருக்கிற ஈரம் போக வழியில்லாம இங்கயே படிஞ்சிருக்கு, அய்யா ராத்திரியெல்லாம் இதைத்தான் இழுக்கிறாரு. சுரண்டி, மருந்து அடித்து, துவாரத்தில் சின்ன விசிறி வைத்தால் சரியாகிவிடும் என்றும் சொன்னார், ஒரு வாரம், அதிகம் போனால் பத்து நாள். நான் அக்காவைப் பார்த்தேன். "நாலுக்குக் கீழ வந்துடுச்சுக்கா." "வந்துடுச்சு" என்றாள், "அந்த நம்பரை நீயே வெச்சுக்கோ."

அளப்பவர் வாசலில் கட்டிய துணியையும் விசிறியையும் கழற்றிக்கொண்டு போனார், மாமாவும் கூடவே கிளம்பினார். அக்கா அப்பாவின் பெட்டியைக் கட்ட அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அப்பா வேண்டாம் என்று சொல்வார் என்று காத்திருந்தேன், பெட்டி மூடும்போது, செருப்பைத் தேடும்போது, படி இறங்கும்போது... சொல்லவில்லை, பத்து நாள் என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. கூடத்தில் நின்றேன். ரப்பர் பட்டை போட்ட கதவு சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது. அதற்கு அப்பால் சட்டைப் பையில் சாவியைத் துழாவும் சத்தம், அது எனக்குத் தெரியும், ஒன்பது வருடம் பாதித் தூக்கத்தில் கேட்ட சத்தம், பகலில் யாராவது கதவைத் தட்டி என்னை எழுப்பிவிடக் கூடாதென்று அப்பா எங்கே போனாலும் வெளியே பூட்டிவிட்டுத்தான் போவார். ஆனால் இப்போது... நான்கு மாதமாக அவர் கண்ணெதிரே பகல் முழுக்க விழித்திருக்கிறேனே, சுத்தியலும் கையுமாக, பார்த்தாரா இல்லையா?

"அவன் உள்ள முழிச்சுட்டுத்தானேப்பா இருக்கான்" என்று அக்காவின் குரல் மங்கலாகக் கேட்டது.

"தெரியும்" என்றார் அப்பா. சாவி இரண்டு சுற்று சுற்றியது.