எட்டுச் செலவுக்கு ஒரு பாலப்பம்

வெள்ளவத்தையில் ஒரு சாவீடு என்றால், ஐயருக்கு அடுத்தபடியாகத் தொலைபேசி போவது ஜெகதீஸ்வரிக்குத்தான். எட்டுச் செலவு எனப்படும் எட்டாம் நாள் படையலில் இறந்தவர் விரும்பித் தின்றதெல்லாம் வைக்க வேண்டும். அடுக்குமாடிக் குசினியில் அதெல்லாம் ஆகிற காரியமா? ஜெகதீஸ்வரி எடுத்த எடுப்பில் கேட்பது ஒரே கேள்வி. "ஆளுக்கு என்ன விருப்பம்?" கணவாய்க் கறியோ, பனங்காய்ப் பணியாரமோ, சொன்னது சொன்னபடி வந்து இறங்கும். பிள்ளைகள் தடுமாறினால் விடமாட்டார். "வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. பெத்த தேப்பனுக்கு என்ன பிடிக்குமெண்டு தெரியாதோ?" என்று அதட்டுவார்.

அதட்டுகிற உரிமை அவருக்கு இருந்தது. தொண்ணூற்றேழில் ஒரு லொட்ஜ் அறையில் ஒற்றை மண்ணெண்ணெய் அடுப்போடு தொடங்கியவர். சோற்றுப் பார்சல்களைக் கூடையில் அடுக்கி, ரயிலேறிக் கொள்ளுப்பிட்டிக் கந்தோர்களில் வேலை செய்பவர்களுக்குக் கொண்டுபோனார். எல்லாப் பார்சலையும் பிரிக்கச் சொன்ன சோதனைச் சாவடி ஆமிக்காரனுக்கே, தெரிந்த நாலு சிங்களச் சொல்லில் ஒரு பார்சலை விற்றுவிட்டு வந்தார். மூன்று சட்டியை வைத்துக்கொண்டு ஐந்நூறு பேர் கலியாணத்துக்கு ஒப்புக்கொண்டார். சிங்களவர் நிறைந்த நுகேகொடையில் யாழ்ப்பாணச் சாப்பாட்டை யார் வாங்குவார் என்று சிரித்தவர்கள் பிறகு அங்கேயே வரிசையில் நின்றார்கள். எரிவாயு இல்லாமல் கொழும்பே தவித்த வருடம் மொட்டைமாடியில் விறகு மூட்டினார். துணிந்தவருக்குத் துக்கமில்லை என்பார்கள். சொன்னவர் யாரோ, அவர் வீட்டில் ஒருநாளும் சாவு விழவில்லை போலும்.

கணவர் நாகேந்திரம் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்திரிகை வாசித்தபடியே போய்விட்டார். கந்தோர் வேலையை விட்டுவிட்டு, இருபத்தைந்து வருடம் மனைவிக்குத் தேங்காய் துருவிப் பார்சல் கட்டிக்கொடுத்த மனிதர். ஆறாம் நாள், ஓடர் எடுக்கும் றஷ்மி பழக்கதோஷத்தில் கொப்பியும் பேனையுமாக வந்து நின்றாள்.

"அன்ரி, எட்டுக்கு என்ன சமைக்கிறது? அங்கிளுக்கு என்ன விருப்பம்?"

அது ஜெகதீஸ்வரிக்குத் தெரியாது.

ஓடரெல்லாம் போன பிறகு சட்டியில் எது மிஞ்சியதோ, அதுதான் நாகேந்திரத்தின் சாப்பாடு. என்ன வேண்டும் என்று கேட்டால், "இருக்கிறதைத் தாருமன், காணும்" என்பார். பிறகு கேட்பதும் நின்றுவிட்டது. ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த மகள் சாம்பவியிடம் கேட்டுப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதது எனக்கெப்படியம்மா தெரியும்?" என்று அவள் அழுதாள். ஊரெல்லாம் கேட்ட கேள்வியை வீட்டில் கேட்காமல் விட்டேனே என்று ஜெகதீஸ்வரிக்கு நெஞ்சு வெடித்தது. வெறும் இலையை அவருக்கு எப்படி வைப்பது?

அன்று மாலை, சந்தியில் தேநீர்க்கடை வைத்திருக்கும் நபீஸ் துக்கம் விசாரிக்க வந்தார். கதையோடு கதையாகச் சொன்னார்.

"ஐயா ஒவ்வொரு நாளும் அஞ்சு மணிக்குக் கடைக்கு வருவாரு அக்கா. அடுப்புக்குப் பக்கத்துலயே நிப்பாரு. நடுவுல தேங்காப்பால் ஊத்தி ஒரே ஒரு அப்பம். எறக்கின சூட்டோட தின்பாரு."

"என்னட்ட ஒருநாளும் சொல்லேல்லையே!"

நபீஸ் தலையைக் குனிந்துகொண்டார். "ஊட்டுல சூடா ஒண்டும் கெடைக்கிறல்லண்டு சொல்லுவாரு. ஒங்களுக்கிட்ட சொல்ல வாணாமாம். கேட்டா நீங்க கவலப்படுவீங்களாம்."

எட்டாம் நாள் மீனும் இறைச்சியும் பலகாரமுமாக இலை நிறைந்துவிட்டது. இறந்தவர் தனியே வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்த வேண்டும், உறவினர் எழுந்துவிட்டார்கள். "பொறுங்கோ" என்றார் ஜெகதீஸ்வரி. எத்தனையோ பேருக்கு ஆள் வைத்துச் சமைப்பித்தவர், அன்று தானே அடுப்பிலிருந்த அப்பத் தாச்சியின் முன் நின்றார். ஆவி பறக்கப் பறக்கப் பாலப்பத்தைக் கொண்டுவந்து, படத்துக்கு முன் இலையில் வைத்தார்.

"இஞ்சாருங்கோ, சூடாக் கிடக்கு. கெதியாச் சாப்பிடுங்கோ."

கதவைச் சாத்தினார்கள். கால் மணி நேரம் கழித்துத் திறந்தபோது அப்பம் ஆறிப்போயிருந்தது.

வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டுப் போனார்கள். கடைசியாக ஜெகதீஸ்வரி நாகேந்திரத்தின் கதிரையில் உட்கார்ந்து, அந்த ஆறிய அப்பத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றார். சூடாக்கித் தரட்டுமா என்று றஷ்மி கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினார்.