பிழைப் பாடங்கள் மட்டும்

பல் மருத்துவர் தம் மகளின் கையைப் பிடித்து அழைத்து வந்து எங்கள் கூடத்தின் நடுவில் நிறுத்தினார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீங்க அனுப்பினத வெச்சுத்தான் இவ வீட்டுல பாடிப் பழகினா. நேத்து பள்ளிக்கூடத்துல எல்லார் முன்னாடியும் பாடியிருக்கா. பாதியிலயே போதும்னு நிறுத்திட்டாங்களாம். நீங்களே கேளுங்க," என்றார்.

அந்தப் பெண் பாடினாள். மழைப் பாட்டின் இரண்டாம் அடியில் குரல் ஏற வேண்டிய இடத்தில் இறங்கியது. நின்று மூச்சு வாங்க வேண்டிய இடத்தைக் கடந்து ஓடியது. தற்செயலாக நேர்ந்த பிழையன்று அது. நன்றாக மனப்பாடம் செய்யப்பட்ட பிழை. அதை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். அப்படிப் பாடியவள் என் தங்கை. அருகில் அமர்ந்து ஒலிப்பதிவு செய்தவள் நான்.

என் தங்கை பாட்டு ஆசிரியை. கழுத்தில் வளர்ந்த கட்டியை அகற்றிய பிறகு அவளுக்குப் பேச்சு வெறும் காற்றாக வரும்; பாட்டு வராது. இப்படி ஆகக்கூடுமென்று மருத்துவர்கள் முன்னரே எச்சரித்திருந்ததால், அறுவைக்கு முந்தைய மாதங்களில் தான் கற்பிக்கும் பாட்டுகள் அனைத்தையும் பாடிப் பதிவு செய்தாள். ஒவ்வொரு பாட்டையும் மெதுவாக ஒருமுறை, நடுத்தர வேகத்தில் ஒருமுறை, விரைவாக ஒருமுறை. அதன்பின், பிள்ளைகள் எங்கெங்கே தவறுவார்களோ அங்கெல்லாம் வேண்டுமென்றே தவறி மேலும் ஒருமுறை பாடி, எது பிழை, ஏன் பிழை என்று இறுதியில் பேசியும் வைத்தாள். அந்த நான்காவது வகைக்குப் பிழைப் பாடம் என்று பெயர்.

இன்று வகுப்பு நடப்பது இவற்றைக் கொண்டுதான். பழைய கணினியின் முன் அவள் உட்காருவாள். கணினி பாடும், அவள் கை தாளம் காட்டும், பிள்ளை உடன் பாடும். பிள்ளை தவறினால் பிழைப் பாடத்தை ஒலிக்கவிட்டு அதன் முகத்தையே பார்ப்பாள். பிள்ளை சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளும். குரலற்ற ஆசிரியையிடம் பிள்ளைகள் இன்னும் வருகிறார்கள் என்றால், அவள் குரல் அந்தப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்ததே காரணம்.

இருந்தது என்று இறந்தகாலத்தில் எழுத வேண்டியதாயிற்று. அதற்குக் காரணம் அவள் இளைய மகன்.

வீட்டில் அவனுக்குப் புயல் என்று பெயர். விடுமுறைக்கு வந்தால் ஏதாவது ஒன்றைச் சாய்க்காமல் திரும்பமாட்டான். இம்முறை, அம்மாவின் பாட்டுகள் அலங்கோலமாகக் கிடக்கின்றன, ஒன்றுக்கும் படம்கூட இல்லை என்று கூறி, பாட்டுத் தொகுப்பை ஒழுங்குபடுத்தும் மென்பொருள் ஒன்றைக் கணினியில் ஏற்றியிருந்தான். அதை ஏற்றிய நாள் முதல் அந்த இயந்திரம் மாடிப்படி ஏறிய ஆஸ்துமாக்காரரைப் போல இரைத்துக்கொண்டிருந்தது. நான் அப்போதே கேட்டேன். புதுசு பெரியம்மா, பழகிடும் என்றான்.

இப்போது அவனை உள்ளறையிலிருந்து அழைத்தேன். என் தங்கை கணினியின் முன் அமர்ந்து ஒவ்வொரு பாட்டாகத் திறந்துகொண்டிருந்தாள். மழைப் பாட்டு: பிழைப் பாடம். தாலாட்டு: பிழைப் பாடம். கப்பல் பாட்டு: பிழைப் பாடம். ஒவ்வொன்றின் மேலும் யாரோ ஒரு புகழ்பெற்ற பாடகியின் பெயரும் சிரித்த முகமும் ஒட்டப்பட்டிருந்தன. மெதுவாகப் பாடியதும் இல்லை. விரைவாகப் பாடியதும் இல்லை.

"ஒரே பாட்டு நாலு நாலு தடவ இருந்துச்சு பெரியம்மா. டூப்ளிகேட்னு அதுவே கண்டுபிடிச்சுச்சு. இருக்கிறதுலயே பெரிய ஃபைல வெச்சுக்கிட்டு மத்தத எடுத்துடவான்னு கேட்டுச்சு. சரின்னேன்."

பிழைப் பாடங்களில் பேச்சும் சேர்ந்திருந்ததால் அவையே அளவில் பெரியவை. அதனால் அவை மட்டும் தப்பின. போதாக்குறைக்கு, மாணவர்களின் கைபேசிகளுக்கும் அதன் வழியாகவே பாட்டுகளை அனுப்பியிருக்கிறான். அங்கே பாட்டு ஓய்ந்து பேச்சு தொடங்கியதும், பேச்சைத் தாண்டி அடுத்த பாட்டுக்குப் போய்விடும் வசதி ஒன்று உண்டாம். இது பிழை என்று என் தங்கை சொல்வதைக் கேட்கவிடாமல், பிழையை மட்டும் பிள்ளைகளின் காதில் ஊற்றியிருக்கிறது அந்த வசதி.

நீக்கியவற்றைக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுக்கலாமே என்றேன். இடம் போதவில்லை என்று மென்பொருள் கேட்டதால் தொட்டியையும் காலி செய்துவிட்டானாம். நான் தனியே பிரதி எடுத்து வைத்திருந்த பென்டிரைவ் எங்கே என்றேன். அவன் தரையைப் பார்த்தான்.

"அதுலதான் அந்த சாப்ட்வேர ஏத்திக் கொண்டுவந்தேன். முழுசா அழிச்சாதான் ஏறும்னுச்சு."

பல் மருத்துவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் குரலை உயர்த்தவில்லை.

"உங்கம்மாவுக்கும் ரெண்டு பிள்ளைங்க. ஒரே முகம், ஒரே மூக்கு. எடை ஜாஸ்தி இருக்கிறவன வெச்சுக்கிட்டு மத்தவனத் தூக்கிப் போட்டிருந்தா, இன்னிக்கு உங்கண்ணன்தான் இந்த வீட்டுல இருந்திருப்பான். அவ போடல. நாலையும் ஏன் வெச்சிருக்கேன்னு நீ ஒரு வார்த்தை அவகிட்டக் கேட்டியா?"

"அம்மா தூங்கிட்டிருந்தாங்க."

"எழுந்ததுக்கப்புறம்?"

சரியான பாட்டுகள் கிடைத்தால் சொல்லுங்கள், இல்லையேல் மகளை வேறிடத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று பல் மருத்துவர் நயமாகவே சொல்லிவிட்டுப் போனார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் நான் அவ்வளவு நயமாகச் சொல்லியிருக்கமாட்டேன்.

முன்பு படித்தவர்களில் சிலருக்குத் தங்கை தன் கையாலேயே பாடங்களை அனுப்பியிருந்தாள் என்பது அன்று மாலை நினைவுக்கு வந்தது. புயலை உட்காரவைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் பேசச் செய்தேன். என்ன நடந்தது, யாரால் நடந்தது என்பதையும் அவன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்பது என் நிபந்தனை. தச்சரின் மகன் தாலாட்டு முழுவதையும் வைத்திருந்தான். தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்மணி மழைப் பாட்டை அனுப்பிவிட்டு, "இத நான் அழிக்கவே மாட்டேன்னு டீச்சர்கிட்ட சொல்லு. உன்னைத்தான் என்ன பண்றதுன்னு தெரியல," என்றாராம். அவன் அதையும் ஒப்பித்தான்.

கப்பல் பாட்டு மட்டும் வரவில்லை. எல்லாவற்றினும் கடினமான பாட்டு அது. அதைக் கற்ற ஒரே மாணவி கைபேசியை மாற்றியபோது பழையதை அப்படியே கடைக்காரரிடம் கொடுத்துவிட்டாள்.

வந்தவற்றைப் பாட்டுக்கு ஒரு கோப்புறையாகவும், அதற்குள் மெதுவாக, நடுத்தரம், விரைவாக, பிழை என்று நான்கு அறைகளாகவும் பிரித்து நானே அடுக்கினேன். பெரிய மென்பொருளை வேரோடு பிடுங்கச் சொன்னேன். கோப்புறைகளை வரிசையாகக் காட்டி, சொன்னதைப் பாட ஏதாவது ஒரு சிறு மென்பொருள் வேண்டும். புயல் மறுபடியும் ஒரு பெரிய பெயரைத் தொடங்கினான்.

"இலவசமா இருக்கணும். நான் எழுந்துபோய்த் தண்ணி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள இல்ல, உட்கார்ந்த உடனே திறக்கணும். தானா இணையத்துக்குப் போகக்கூடாது. நாம வெச்ச பேர மாத்தக்கூடாது. எதையும் அழிக்கிற உரிமை அதுக்கு இருக்கவே கூடாது," என்றேன்.

"அவ்வளவு சின்னதா எதுவும் அழகா இருக்காது பெரியம்மா."

"உன்னோடது அழகாத்தான் இருந்துச்சு."

முதலில் இறக்கியது திறந்ததுமே மின்னஞ்சல் முகவரியைக் கேட்டது. பாட்டுக் கேட்க வந்தவளிடம் ஊர்பேர் விசாரிப்பானேன்? நீக்கச் சொன்னேன். இரண்டாவது, நாங்கள் கேட்காமலே பாடகியின் படத்தைத் தேடத் தொடங்கியது. அதையும் நீக்கினோம். மூன்றாவது நன்றாகவே இருந்தது. சிறியது, வேகமானது, வாய் திறக்காதது. நான் ஏறத்தாழ இசைந்துவிட்டேன். அப்போது என் தங்கை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, திரையில் கப்பல் பாட்டின்மீது விரலை வைத்தாள். அதன்கீழ்ப் பிழை மட்டும் இருந்தது. மற்ற மூன்று அறைகளைக் காணவில்லை.

"உள்ள ஒண்ணுமில்லம்மா. காலியா இருந்தா இது காட்டாது. சுத்தமா இருக்குல்ல?"

அவள் விரலை எடுக்கவில்லை. அவன் சற்றுத் தயங்கிவிட்டு, வேண்டுமானால் மிச்சமிருக்கும் பதிவுகளை வைத்து அம்மாவின் குரலிலேயே கணினியைப் பாடச் செய்யலாம், மூன்றையும் நிரப்பிவிடலாம், வித்தியாசமே தெரியாது என்றான். அவன் நல்லெண்ணத்தோடுதான் சொன்னான் என்பதை அறிவேன். அதனால் என் கோபம் குறையவில்லை, கூடியது. நான் வாயைத் திறக்குமுன் என் தங்கை பேசினாள். காற்றில் காகிதம் உரசுவது போன்ற அந்தக் குரலைக் கேட்க நாங்கள் இருவரும் குனிய வேண்டியிருந்தது.

"போனது போனதாத் தெரியணும்."

மூன்றாவதையும் நீக்கினோம். நான்காவது சாம்பல் நிறத்தில், துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை போலிருந்தது. கட்டை விரல் அளவே இடம் பிடித்தது, காசில்லை, கண்ணை மூடித் திறக்குமுன் திறந்தது. கோப்புறைகள் எப்படி இருந்தனவோ அப்படியே காட்டியது. கப்பல் பாட்டின்கீழ் மெதுவாக, நடுத்தரம், விரைவாக என்ற மூன்றும் வெறுமையாக நின்றன. என் தங்கை தலையசைத்தாள். அதுவே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

பல் மருத்துவருக்குச் செய்தி சொன்னேன். மகள் மறுபடியும் வந்தாள். மழைப் பாட்டின் இரண்டாம் அடியை அவள் நாவிலிருந்து பெயர்த்தெடுக்கப் பல வகுப்புகள் ஆயின. தெரியாததைக் கற்பிப்பதைவிடத் தவறாகத் தெரிந்ததைக் களைவது கடினம். அது முடிந்த அன்று, திரையைக் காட்டி, இந்தப் பாட்டு மட்டும் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டாள். என் தங்கை கப்பல் பாட்டின் பிழைப் பாடத்தை ஒலிக்கவிட்டாள். தவறான பாட்டு முடிந்தது. அதன்பின் என் தங்கையின் குரல், அறுவைக்கு முந்தைய முழுக் குரல், கூடத்தை நிறைத்தது:

"கேட்டீங்களா? அவசரப்பட்டு ஏறிட்டேன். இங்க ஏறக்கூடாது. அலை வந்து மோதுற வரைக்கும் காத்திருக்கணும்."

கைபேசியில் இதையும் ஏற்கெனவே பலமுறை கேட்டிருந்த அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். பாடினாள். அந்த இடம் வந்ததும் நின்றாள்; காத்திருந்தாள்; பிறகு ஏறினாள். தாளம் காட்டிக்கொண்டிருந்த கை ஒருமுறையும் தடைபடவில்லை.

வாசற்படியில் நின்றிருந்த புயல் கைபேசியை வெளியே எடுத்தான். எடுத்தவன் அதை அழுத்தவில்லை.

"அம்மா, இத ரெக்கார்ட் பண்ணி அந்தக் காலி ஃபோல்டர்ல போடட்டுமா?"

அவன் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றான். என் தங்கை வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, பிழைப் பாடத்தை முதலிலிருந்து மறுபடியும் ஒலிக்கவிட்டாள்.