வீட்டுக்குப் பென்சில்

லிஃப்ட் மெக்கானிக்கின் கருவிப் பையில் பத்தொன்பது வருடமாக ஒரே டைரிதான். தோல் அட்டை, ஆறு வளையம். டிசம்பர் வந்தால் பழைய தாள்களை உருவிவிட்டுப் புதுத் தாள்களை மாட்டிக்கொள்ள வேண்டியது. அதற்கு முன்னால் வைத்திருந்த குட்டி டைரிகள் வருடத்துக்கு ஒன்றாகக் குப்பைக்குப் போயின. இது மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆபீஸில் எல்லோரும் போனுக்கு மாறிவிட்டார்கள். "அண்ணே, இதை மியூசியத்துக்குக் குடுத்திடுங்க" என்று சூப்பர்வைசர் வாரம் ஒருமுறையாவது கேலி செய்வான். லிஃப்ட் குழிக்குள் சிக்னல் கிடைக்காமல் அவனே முழி பிதுங்கி நிற்கும்போது, இவர் டைரியைப் பிரித்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்.

டைரிக்கு அவர் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. ஆபீஸ் வேலை பேனாவில், வீட்டு வேலை பென்சிலில். லிஃப்ட் நின்றால் ஆள் உள்ளே மாட்டிக்கொள்வான், அது காத்திருக்காது. வீடு எங்கே ஓடிவிடப் போகிறது? அழித்துவிட்டு அடுத்த வாரத்தில் எழுதிக்கொள்ளலாம்.

அந்த ஞாயிறு காலை மேஜையில் உட்கார்ந்து தாள் மாற்றினார். எழுந்ததிலிருந்தே உடம்பெல்லாம் அலுப்பு. வருடக் கடைசியில்தான் எல்லாக் கட்டடக்காரர்களுக்கும் ஞானோதயம் வந்து லிஃப்டைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஜனவரி வேலைகளைப் பேனாவில் ஏற்றி முடித்தார். பென்சிலில் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று பழைய தாள்களைப் புரட்டினார். 'அவளுக்குக் கண் டாக்டர்' என்று இருந்தது. முந்தைய வாரத்திலும் அதையே எழுதி அழித்த தடம். அதற்கு முந்தைய வாரத்திலும். ஏப்ரல்வரைக்கும் போய்த்தான் நின்றது. ஜூலையில் ஒரு தாள், அழித்த வேகத்தில் கிழிந்தே போயிருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். தட்டில் பாதி சிந்தியிருந்தது. இப்போதெல்லாம் டம்ளருக்கு வெளியேதான் ஊற்றுகிறாள். கவனமில்லை என்று அவர் நாலைந்து முறை கடிந்துகொண்டதும் உண்டு.

"ஜனவரியில மொத வேலையா உன்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்று பென்சிலை எடுத்தார்.

"வேண்டாங்க. நான் போன மாசமே போயிட்டு வந்துட்டேன்."

"தனியாவா? சொல்லவே இல்லையே?"

"எப்போ சொல்றது? வந்ததும் படுத்துடுறீங்க." குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. "இடது கண்ணு போனது போனதுதானாம். ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னாங்க. வலது கண்ணுக்கு லேசர் வைக்கணுமாம். ஜனவரி இருபது. கூட ஒரு ஆள் வரணும்னு சொன்னாங்க."

இருபதாம் தேதியில் பெரிய மால் ஒன்றில் லிஃப்ட் கயிறு மாற்றும் வேலை. பேனாவில் எழுதியது. அதை அழிக்க முடியாது. அவர் வளையங்களைத் திறந்தார். அந்த வாரத் தாளையே உருவிக் கசக்கிப் போட்டுவிட்டு, வெற்றுத் தாள் ஒன்றை மாட்டினார்.

"நீயே எழுது" என்று பேனாவை நீட்டினார்.

அவள் கையை நீட்டினாள். பேனாவுக்கு நாலு விரற்கடை முன்னாலேயே, வெறும் காற்றில், அவள் விரல்கள் மூடிக்கொண்டன.