ஆறு வரிசையிலும் ஒரே சொல்

மண் பரிசோதனைத் துளையில் சம்மட்டி விழ விழ மச்சான் எண்ணிச் சொல்வார். அவன் தாளில் எழுதுவான். குழாய் முப்பது சென்டிமீட்டர் மண்ணில் இறங்க எத்தனை சம்மட்டி அடி தேவைப்பட்டது என்பதுதான் கணக்கு. பத்துக்குக் கீழே என்றால் மண் இளக்கம், ஆங்கிலத்தில் ‘லூஸ்’. முப்பது வரை ‘மீடியம் டென்ஸ்’. அதைத் தாண்டினால் ‘டென்ஸ்’. பொறியாளர் மண்ணைப் பார்க்க வரமாட்டார். அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் அஸ்திவாரத்தின் ஆழத்தை முடிவு செய்வார். இங்கே வரப்போவது மூன்று மாடிப் பள்ளிக்கூடம்.

மச்சானின் தங்கை, அவன் மனைவி, இறந்து ஐந்து மாதம். ஒரு நாள்கூட அவன் வேலைக்கு வராமல் இருந்ததில்லை.

சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு, கையைத் துடைத்தபடி மச்சான் தாளை எட்டிப் பார்த்தார்.

“மாப்ள, எனக்கு இங்கிலீஷ்தான் வராது. கண்ணு தெரியும்ல? ஆறு வரிசையிலயும் ஒரே எழுத்தா நிக்குது?”

“டென்ஸ். கெட்டின்னு அர்த்தம்.”

“ரெண்டாவது மீட்டர் கெட்டியா? குழாய் வழுக்கிட்டு இறங்குச்சேப்பா! எத்தனைன்னு சொன்னேன்?”

தாளில் முப்பத்து நான்கு என்றிருந்தது.

“தெரியல மச்சான். காலையில போட்ட துளையோட தாளைப் பார்த்து எழுதிட்டேன் போல.”

“நான் தொண்டை கிழியக் கத்துனது?”

“காதுல ஏறல.”

மச்சான் தலையைச் சொறிந்தார். “எனக்காவது ஞாபகம் இருக்கணும். சொன்ன நிமிஷமே மறந்துடும். வீட்டுல உங்க அக்காவைக் கேளு, என் மறதியைப் புட்டுப் புட்டு வைப்பா.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “இப்படியே குடுத்தா ஒருத்தருக்கும் தெரியாது. நீ சொல்றதுதான்.”

அவன் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“இறக்குங்க மச்சான். ரெண்டு தப்படி தள்ளிப் போடலாம்.”

“இதை ஏத்துறதுக்கு முன்னாடி சொன்னா வாய் வலிக்குமா?” என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் கயிற்றை அவிழ்த்தார்.

இரண்டாவது மீட்டரில் இருவரும் சேர்ந்து எண்ணினார்கள். ஏழோடு நின்றது. குழாயிலிருந்து வந்த மண்ணை உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். பொலபொலவென்று உதிர்ந்தது. ‘லூஸ்’ என்று எழுதினான்.

“என்ன எழுதின?”

“லூஸ்.”

“என்னைப் பத்தியா?”

அவன் அலுவலகத்துக்குப் போன் செய்தான். “பள்ளிக்கூடத்துத் தாள் நாளைக்குத்தான் சார் வரும். நான் தப்பா எழுதிட்டேன். ரெண்டாவது மீட்டர்ல மண்ணு உதிருது, அஸ்திவாரம் ஆழமாப் போகணும்.”

மேலாளர் கத்தியதை முழுவதும் கேட்டான். போனை வைத்துவிட்டுப் பென்சிலைச் சீவினான்.

“அடுத்தது போடுங்க. இன்னும் நாலு மீட்டர் இருக்கு.”