ஈடாகப் போனவள்

"அவ போகட்டும். அவளுக்கென்ன, பின்னாடி புள்ளையா குட்டியா?" என்றாள் அம்மா. சொன்னது பெற்ற தாய். சொல்லப்பட்டவள் அதே அறையில் தையல் மெஷின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள்.

புருஷன் செத்து நாலு வருஷமாக அவள் அண்ணன் வீட்டில் கிடந்தாள். ஊரார் துணியைத் தைத்துத்தான் சாப்பிட்டாள், ஆனாலும் தண்டச்சோறு என்றுதான் பெயர். உள்ளறையில் அண்ணிக்கு விடியற்காலையிலிருந்து வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரி தடவிப் பார்த்துச் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் பாலத்தைக் கலவரத்தில் எரித்துவிட்டார்கள். பிரசவம் பார்க்கத் தெரிந்த நர்ஸம்மா ஒருத்திதான் கூப்பிடு தூரத்தில் இருந்தாள். அவளோ எதிர்ப்பக்கத்துக்காரி.

எதிர்ப்பக்கம் என்றால் கண்காணாத சீமை ஒன்றுமில்லை, அதே தெருவின் மறுபாதி. நடுவில் தார்ப் பீப்பாய்களை அடுக்கிப் பிரித்துக்கொண்டார்கள். இந்தப் பக்கம் கேட்டால் அவர்கள் கொலைகாரர்கள். அந்தப் பக்கம் கேட்டால் இவர்கள். பிறகு இரண்டு பக்கத்துப் பெரிய மனிதர்களும் கூடி, மூளையைக் கசக்கி ஒரு விதி செய்தார்கள். அங்கிருந்து ஒருவர் வேலையாக இங்கே வந்தால், அவர் திரும்பும்வரை கூப்பிட்ட வீட்டு ஆள் ஒருவர் அங்கே போய் ஈடாக உட்கார வேண்டும். அடகுக் கடையில் அண்டாவை வைக்கிற மாதிரி ஆளை வைப்பது. இப்படித்தான் நம்பிக்கையை மறுபடி வளர்க்கிறார்களாம், நாசமாய்ப் போக.

அண்ணனுக்கு மனைவியை விட்டு நகர முடியாது. அம்மாவுக்குத் திடீரென்று முழங்கால் வலி. இதையெல்லாம் கேட்டுத் தையல் மெஷின் முன்னால் இருந்தவளுக்கு நெஞ்சு எரிந்தது. ஆனால் உள்ளே அண்ணி அலறினாள். அந்த வீட்டில் முகம் பார்த்துச் சோறு போடுகிறவள் அண்ணி ஒருத்திதான்.

"போறேன்" என்று எழுந்தாள்.

நர்ஸம்மாவின் புருஷன் பஸ் டிரைவர். பாலம் போனதிலிருந்து பஸ்ஸும் இல்லை, வேலையும் இல்லை. ஈடாக வந்தவளைத் தன் வீட்டில் ஒரு பாயில் உட்காரச் சொல்லிவிட்டு வாசற்படியில் நின்றுகொண்டே இருந்தார். இரண்டு மணி நேரம் கழித்துக் கேட்டார்.

"என் தம்பியை உங்க ஆளுங்கதான் வெட்டினாங்க. தெரியுமா?"

"தெரியும்."

"இப்ப என் பொண்டாட்டிக்கும் ஏதாவது ஆச்சுன்னா..."

படியிறங்கிப் பீப்பாய் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவளுக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அவர் தவிப்பதைப் பார்த்தபின் அவளால் பொய்யாக உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"டிரைவரண்ணே, ஒண்ணு சொல்லிடறேன். என்னை வெச்சு நீங்க யாரையும் மிரட்ட முடியாது. நான் செத்தா அங்க அழ ஆளில்ல. அதனாலதான் என்னை அனுப்பினாங்க."

சொன்ன பிறகுதான் விபரீதம் புரிந்தது. இவர் ஓடிப்போய் மனைவியைப் பாதியில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் அண்ணியும் பிள்ளையும் அவ்வளவுதான். பாவி, உண்மை பேச வேறு நாள் கிடைக்கவில்லையா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவர் உள்ளே போய் இரண்டு தம்ளரில் டீ கொண்டுவந்தார்.

"நான் அவகிட்ட போகாதேன்னுதான் சொன்னேன். அங்க ஒருத்தி துடிச்சுக்கிட்டிருக்கா, ஈடு என்ன ஈடுன்னு என்னைத் திட்டிட்டுப் போனா. குடிம்மா. நீ வீட்டுக்குப் போகணும்னாலும் போ."

"அவங்க வரட்டும். அதுவரைக்கும் இருக்கேன்" என்றாள் அவள்.

வெயில் தாழ்ந்தபோது நர்ஸம்மா பீப்பாய் அருகே வந்தாள். புடவையெல்லாம் ரத்தம். கூடவே அண்ணன். அவளும் எழுந்து அங்கே ஓடினாள்.

"ரெண்டு உசுரும் பொழைச்சுது. ஆனா ரத்தம் சுத்தமா நிக்கல. நாளைக்கும் நான் வந்து பார்க்கணும்" என்றாள் நர்ஸம்மா.

தங்கை அழுதேவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பீப்பாயைத் தாண்டப் போனாள். அண்ணன் குறுக்கே கையை நீட்டினான்.

"நீ வராத."

"ஏண்ணா?"

"பகல் முழுக்க அந்நிய ஆம்பளை வீட்டுல இருந்திருக்க. நாலு பேரு நாலு விதமா பேசறாங்க. அம்மாவும் வேண்டாங்கறாங்க."

அனுப்பியதே அம்மாவும் அவனும்தான். கட்டியவளின் உயிரை எதிர்ப்பக்கத்துக்காரியின் கையில் நம்பிக் கொடுத்தவனுக்குக் கூடப்பிறந்தவளை நம்ப முடியவில்லை. நர்ஸம்மா அவள் தோளைத் தொட்டாள். அண்ணன் குரலைத் தாழ்த்தினான்.

"ஒரு வகையில நல்லதுதான். அங்கயே இருந்துக்கோ. நாளைக்கு ஈட்டுக்கும் ஆச்சு."

அவளுக்கு அழுகை நின்றுவிட்டது.

"வீட்டுல சேர்க்காதவளை எப்படி ஈடா வைப்பே? ஈடு வைக்கணும்னா அது நம்ம பொருளா இருக்கணும்ல? காலையில நீயே வந்து உட்காரு. டீ போட்டுத் தர்றேன்."

சொல்லிவிட்டு நர்ஸம்மாவுடன் அவர்கள் வீட்டை நோக்கி நடந்தாள்.

"நானா?" என்றான் அண்ணன், பீப்பாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து.