தள்ளுவண்டிகளுக்கு ஒரு ராக் பாட்டு

ஐஸ்லாந்தின் ஹூசவீக் துறைமுக விழா மேடையருகே, அந்த நாட்டு வழக்கப்படி, கைக்குழந்தைகள் தள்ளுவண்டிகளில் குளிர்காற்று வாங்கியபடி தூங்கிக்கொண்டிருந்தன. தாய்மார்கள் காப்பிக்கடைக்குள் இருந்தார்கள்.

"குழந்தைப் பாட்டுக்கு எதுக்கும்மா இவ்ளோ பெரிய டிரம்? புள்ளைங்க முழிச்சுக்கும், மெதுவா தட்டு" என்றார் குழந்தைகள் விழாவை நடத்தும் எர்லிங்குர்.

டிரம் வாசிக்கும் ரக்னாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "புயல் ஊளையிடுறப்பவே தூங்குற புள்ளைங்க இதுங்க. சின்னப் புள்ளைங்கன்னா ராக் கேக்கக் கூடாதா? வேற வேலையப் பாருங்க!"

அடித்து நொறுக்கினாள். மேடைக்கு முன்னால் வாண்டுகள் குதித்தன. வண்டிகளில் ஒன்றுகூட அசையவில்லை. எர்லிங்குர்தான் பொறுக்காமல் மேடையேறிக் குச்சிகளைப் பிடுங்கினார்.

சத்தம் நின்றதுதான் தாமதம், அத்தனை வண்டிகளும் ஒரே நேரத்தில் வீறிட்டன.

ரக்னா கையைக் கட்டிக்கொண்டாள். "குச்சி உங்க கையிலதானே இருக்கு? தூங்க வைங்க, பாப்போம்."